காற்று ஊதிய உலைகள்



சங்கப் பாடல்களில் கொல்லன் உலை உவமையாக வருவதை நீங்கள் அறிவீர்கள். பெருமூச்சுக்குத் துருத்தியையும், மின்மினிக்கு உலையிலிருந்து தெறிக்கும் பொறியையும் ஒப்புக் காட்டிய புலவர்கள் உண்டு. அவையெல்லாம் துருத்தி வைத்து ஊதிய உலைகள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ துருத்தியே இல்லாத உலை. அது நம் நாட்டு உலை.

பலாங்கொடைக்கு அப்பால், மத்திய மலைகள் தெற்கே இறங்கும் சரிவில் சமனலவெவ இருக்கிறது. வளவை கங்கையும் பெலிஹுல் ஓயாவும் கூடுமிடம். ஆனி தொடங்கி ஆவணி ஈறாகத் தென்மேல் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி வரண்ட காற்றாய் அங்கே வந்து மோதும். மட்டக்களப்பார் கச்சான் என்பார்களே, அந்த இனத்துக் காற்று. நமக்கு அது வாடிய பயிரும் புழுதியும்தான். அம்மலைச் சரிவில் வாழ்ந்தவர்களுக்கோ அதுவே தொழில்.

குன்றின் மேற்கு விளிம்பில், காற்றுக்கு முகம் காட்டி, நீண்டு ஒடுங்கிய உலைகளைக் களிமண்ணால் கட்டினார்கள். முன்சுவரின் அடியில் வரிசையாக மண்குழாய்கள். காற்று அச்சுவரின் மேல் விளிம்பைக் கடந்து பாயும்போது உலையின் வாய்ப்புறத்தில் அழுத்தம் குறைகிறது. கீழேயுள்ள குழாய்கள் வழியே காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் உருக்கி முடிந்ததும் முன்சுவரை இடித்து இரும்பை எடுப்பார்கள். பிறகு புதிதாகச் சுவர் எழுப்புவார்கள். மனிதர் மூச்சு முட்ட மிதிக்க வேண்டிய வேலையை மலைக்காற்றிடம் ஒப்படைத்தவர்களை எழுத்தறியாக் காட்டுவாசிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இத்தொழில் அங்கே பெருகியிருந்தது. இத்தகைய உலைக்களங்கள் எழுபதுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்திலே வாள்களைப் பற்றி எழுதிய அல்கிந்தி, சரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். நம் வரலாற்று நூல்களோ மன்னர் கட்டிய குளங்களை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்தன. குளத்துக்குக் கல் உடைக்கவும் காடு வெட்டவும் இரும்பு தந்தவனின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

11ஆம் நூற்றாண்டுக்குப் பின் காற்றுலைகள் அவிந்தன. மலைப்புறக் கிராமங்களில் தொழில் சிறுத்து, துருத்தியோடும் மூசையோடும் தொடர்ந்தது. இரும்புத் துண்டோடு ஆவரசு மரத்துண்டை மூசையிலிட்டு மூடிக் காய்ச்சி உருக்கு எடுத்தார்கள். பிரித்தானியரின் மலிவான இரும்பு கப்பலில் வந்திறங்கியபின் அதுவும் நொடிந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் எஞ்சியிருந்தவர்களைத் தேடிப் போய்ச் செய்முறையைப் பதிந்து வைத்தார். 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூலில் அது இருக்கிறது. கல்லை ஆராயப் போனவர் கைவினைஞரைக் கண்டு திரும்பினார் என்று சொல்லலாம்.

பின்னர் அணை வந்தது. 1992இல் சமனலவெவ நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியது. 120 மெகாவாட் மின்சாரம். உலைக்களங்கள் பல நீருக்குள் போயின. அதற்கு முன் அவசரமாக நடந்த அகழ்வாய்வு இல்லாதிருந்தால் அவை கிட்டக்குவியல்களாகவே மறைந்திருக்கும். மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆயினும் இரும்பாக்கியவனை முதலில் மறந்ததும் குளத்தைப் பாடிய ஏடு, கடைசியில் மூடியதும் குளத்து நீர் என்பது என்னை உறுத்துகிறது.

அகழ்ந்த ஆய்வாளர் ஜில் ஜூலெவ் அத்தோடு நிற்கவில்லை. துருத்தியின்றி இரும்பு உருகுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். 1994இல் அவ்விடத்திலேயே பழைய மாதிரியில் உலை கட்டி, தாதும் கரியும் இட்டுக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். காற்று வந்தது. உலையிலிருந்து கரிமம் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996 சனவரியில் நேச்சர் சஞ்சிகை அச்செய்தியை வெளியிட்டது.