சைக்கிள் சில்லுக்கு எந்தக் கிரீஸ்?



சைக்கிள் சில்லு கரகரத்தால் நம் லயங்களில் தேங்காயெண்ணெய் விடுகிறோம். மலைநாட்டுக் குளிரில் அது உறைந்துவிடும். உள்ளேயிருக்கும் கிரீஸையும் கெடுக்கும். பேரிங்குக்கு ஏற்றது லித்தியம் கிரீஸ். மழைத்தண்ணீர் அதை லேசில் கழுவாது.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். பழையதன்மேல் புதியதை அப்பாதீர்கள். பின்சில்லில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 குண்டுகள். ஒன்றில் குழி விழுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். சில்லு ஆடாமலும் இறுகாமலும் சுழலும்படி கோனை முடுக்குங்கள்.

ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் கிரீஸ் படவே கூடாது. தோட்டத்து இறக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் உயிர் அந்தப் பிரேக்கில்தான் இருக்கிறது.

ஒரு டப்பாவை நாலு வீடு சேர்ந்து வாங்கினால் போதும். சம்பளத்துக்காகச் சேர்ந்து நிற்கும் நாம் இதற்கும் சேர்வோம்.