கடன் ஒரு நாணயத்தில், வரவு வேறு நாணயத்தில்



பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டம் கோலசிலாங்கூர் மக்களுக்குப் பழக்கமான பெயர். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவானது. மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. முதலீடு ஐரோப்பாவிலிருந்து வந்தது. உழைத்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன.

பெரிய கம்பெனிகளுக்கு இலண்டனும் பிரஸ்ஸல்சும் பணம் கொடுத்தன. இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்த மலாய்க்காரருக்கும், கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தவருக்கும் யார் கொடுத்தது? செட்டியார் கிட்டங்கிதான்.

கிட்டங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி இங்குள்ள வங்கிகளில் வெள்ளியாக வாங்கிய கடன். இன்னொரு பகுதி செட்டிநாட்டிலிருந்து ரூபாயாக வந்த சொந்தப் பணம், உறவினர் போட்டு வைத்த பணம், ஆச்சிமாரின் சீதனப் பணம். ஊரில் வட்டி குறைவு, இங்கே அதிகம். வித்தியாசம்தான் இலாபம். இதைத்தான் இன்று உலகச் சந்தைகளில் பெரிய நிதி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செய்கின்றன.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? சிக்கல் வட்டியில் இல்லை, நாணய மாற்றில் இருக்கிறது.

1906-இல் இங்குள்ள வெள்ளி 28 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்திய ரூபாய் அப்போது 16 பென்ஸ். எனவே 100 வெள்ளிக்கு 175 ரூபாய். ஒரு பேச்சுக்கு, ஊரில் 9 விழுக்காட்டு வட்டிக்கு 17,500 ரூபாய் வாங்கி, இங்கே 10,000 வெள்ளியாக்கி, 18 விழுக்காட்டுக்குக் கொடுத்ததாக வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 11,800 வெள்ளி கையில். பழைய மாற்று விகிதத்தில் அது 20,650 ரூபாய். ஊரில் கட்ட வேண்டியது 19,075. மிச்சம் 1,575 ரூபாய்.

ஆனால் ரூபாய் அப்படியே நிற்கவில்லை. 1920-இல் இரண்டு ஷில்லிங்கையும் தாண்டி ஏறியது, பிறகு சரிந்தது. 1927-இல் 18 பென்ஸ் என்று சட்டமாயிற்று. அந்தக் கணக்கில் 100 வெள்ளிக்கு 155 ரூபாய் சொச்சம்தான். அதே 11,800 வெள்ளி இப்போது ஏறக்குறைய 18,350 ரூபாய். இலாபம் போயிற்று. கைப்பணத்தில் 700 ரூபாய்க்கு மேல் நட்டம். வாங்கியவர் ஒரு காசு பாக்கி வைக்காமல் கட்டியிருந்தாலும் இந்த நட்டம்தான். இங்கேயே வெள்ளியில் கடன் வாங்கி, இங்கேயே வெள்ளியில் கொடுத்தவரை இந்த அடி தொடவில்லை.

அடுத்து இன்னொரு அடி. 1910-இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932-இல் 2 பென்ஸுக்கும் கீழே வந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறி ஊர் திரும்பின. சிறுதோட்டக்காரர்களால் வட்டி கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கை மாறியது. 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதாரிடம் ஈடு வைக்க முடியாதபடி சட்டம் கடுமையாக்கப்பட்டது. கடன் வாங்கியவருக்கு நிலம் போனது. கொடுத்தவருக்கோ பணம் முடங்கியது. சீதனப் பணம் போட்ட ஆச்சிக்கு இதில் எது புரிந்திருக்கும்?

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1997-இன் முற்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 50 காசு. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை போனது. அந்த செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிப் போட்டது. 2005 ஜூலையில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பத்து லட்சம் டாலர் கடன் வாங்கியவருக்கு 25 லட்சம் வெள்ளிக் கடன் 38 லட்சமாயிற்று. அவர் கூடுதலாக ஒரு காசும் வாங்கவில்லை!

ஜப்பானிய யென்னைப் பாருங்கள். பல ஆண்டுகளாக வட்டி ஏறத்தாழ சூன்யமாக இருந்தது. வாங்கி வெளிநாடுகளில் போட்டவர்கள் ஏராளம். 2024 ஜூலை 31-இல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 விழுக்காடாக உயர்த்தியது. யென் ஏறியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க ஓடினார்கள். அமெரிக்கப் பொருளாதாரம் பற்றிய பயமும் சேர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒரே நாளில் தோக்கியோ பங்குச் சந்தை 12 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். 2010-இன் இறுதியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய நம் 2 வெள்ளி 40 காசு. 2024-இன் தொடக்கத்தில் 3 வெள்ளி 50 காசைத் தாண்டியது. அங்கே சம்பளம் வாங்கி அங்கேயே கடன் கட்டும் பிள்ளைக்குப் பயமில்லை. இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கடனைக் கட்டுகிறவர் கதி என்ன?

தோட்டம் விற்கப்பட்டு இழப்பீட்டுப் பணத்தோடு வெளியேறிய குடும்பத்தாரே, ஓய்வு பெற்று சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களே, "வெளிநாட்டில் வட்டி மலிவு, நாணயத்தில் போட்டால் இரட்டிப்பு" என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வரவு எந்த நாணயத்தில்? கடன் எந்த நாணயத்தில்? மாற்று விகிதம் திரும்பினால் விற்கப் போவது எது? அதோடு, பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் "வீடு" என்றால், பேனாவைக் கீழே வையுங்கள்.