பழைய டிராக்டரும் டீசல் கணக்கும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீரைப் பற்றியும் சுகாதாரத்தைப் பற்றியும் இம்மேடையில் பல முறை பேசியிருக்கிறோம். இவ்விரண்டு பணிகளையும் நாள்தோறும் சுமந்து செல்லும் டிராக்டரைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. கோடையில் குடிநீர்த் தொட்டியை இழுப்பதும், தெருக் குப்பையை அகற்றுவதும், உழவு காலத்தில் உங்கள் நிலங்களில் இறங்குவதும் அதுவே. அது நிற்கும்போது நடுங்கினாலும், வழக்கத்திற்கு மேல் டீசல் குடித்தாலும், அதன் நஷ்டம் ஊர் முழுவதையும் சேர்கிறது. அந்த நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை என்பதையும் எங்கள் அனுபவத்தில் கண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

ஓர் ஊராட்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்று இருந்தது. கோடையில் நாள்தோறும் சுமார் 4 மணி நேரம் அது தண்ணீர் இழுக்கும். முன்பெல்லாம் 40 லிட்டர் டீசல் மூன்று நாட்களுக்கு வந்தது. பின்னர் இரண்டே நாட்களில் தீர்ந்தது. மணிக் கணக்குக் காட்டும் மீட்டர் பழுதாகி நெடுநாள் ஆகியிருந்தது. ஆகவே வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு ஆதாரம் இல்லை; டீசல் வாங்கிய ரசீதுகள் மட்டுமே இருந்தன. ஓட்டுநர் டீசலை விற்கிறார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. புகார் எங்கள் அலுவலகத்திற்கு வந்தது. நாங்களும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினோம். “வண்டி ஸ்லோவில் மிஸ் அடிக்கிறது ஐயா, புகையும் கறுப்பாக வருகிறது” என்று அவர் எழுதிக் கொடுத்த பதிலை நாங்கள் சாக்குப்போக்கு என்றே எண்ணினோம். அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

வேறோர் ஓட்டுநர் வந்தார். அப்போதும் 40 லிட்டர் இரண்டு நாட்களில்தான் தீர்ந்தது. ஆள் மாறியும் செலவு மாறவில்லை என்றால் குற்றம் ஆளிடத்தில் இல்லை என்பது வெளிப்படை. இதற்கிடையில் ஒரு மெக்கானிக், எஞ்சினை இறக்கிப் போர் செய்ய வேண்டும் என்று பெருந்தொகை கேட்டிருந்தார். வண்டியைக் கழித்துவிடலாம் என்ற தீர்மானமும் தயாராகிக்கொண்டிருந்தது. நாங்கள் அத்தீர்மானத்தை நிறுத்திவைத்து, பழைய ஓட்டுநரையும் ஒரு நல்ல தொழிலாளியையும் உடன் வைத்துக்கொண்டு, வண்டியை முறையாகச் சோதித்தோம். அச்சோதனையின் வரிசையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அளவு

நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, எவ்வளவு டீசல் செலவாகிறது என்று அளக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தித் தொட்டியை வாய்வரை நிரப்புங்கள். வழக்கமான வேலையைச் செய்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மீண்டும் நிறுத்தி, அளவு கேனால் வாய்வரை ஊற்றுங்கள். ஊற்றிய லிட்டரை மணியால் வகுத்தால் உண்மை தெரியும். அந்த வண்டி 6 மணி நேரத்தில் 28 லிட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 4.7 லிட்டர் எடுத்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 அல்லது 18-இல் ஒரு பங்கு இடத்திற்குள் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தினால் உண்டாகும் சூட்டில், நாசில் வழியாகப் பனிபோலத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே போதுமான காற்று, நல்ல அழுத்தம், உரிய நேரத்தில் நன்றாகத் தெளிக்கப்படும் தூய டீசல் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் நடுங்கும், செலவும் கூடும்.

எது குறைகிறது என்பதைப் புகையே பெரும்பாலும் சொல்லிவிடும். கறும்புகை வந்தால் டீசல் முழுதும் எரியவில்லை என்று பொருள். காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை, அல்லது சுமை மிகுதி. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்குகளும் வால்வு கைடுகளும் தேய்ந்திருக்கலாம், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டும் இருக்கலாம். காலையில் கிளப்பும்போது சிறிது வெண்புகை வந்து மறைந்தால் கவலையில்லை. எஞ்சின் சூடான பின்னும் அது நீடித்தால், அழுத்தக் குறைவையோ, டீசல் பாயும் நேரம் பிந்தியதையோ, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குவதையோ சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைகிறதா என்பதையும் பாருங்கள்.

எளியதிலிருந்து தொடங்குக

எந்தச் சோதனைக்கும் முன்னர், கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்திற்குக் கல் வையுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

முதலாவது, ஒழுக்கு. அந்த வண்டியில் டீசல் குழாய் இணைப்பு ஒன்றின் வாஷர் தேய்ந்து துளி துளியாய் ஒழுகியது. புழுதி படிந்திருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நொடிக்கு ஒரு துளி வீதம் நாளொன்றுக்கு 86,400 துளி. இருபது துளி ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், 4 லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போகிறது. டீசல் வெளியே ஒழுகும் வழியாகவே சில வேளைகளில் காற்றும் உள்ளே புகும். அவ்வாறு புகுந்தால் எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடும்.

இரண்டாவது, ஏர் கிளீனர். ஆயில் உள்ள கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் சேறு படிந்து, அதன் மேல் குறியைத் தாண்டி ஆயில் ஊற்றப்பட்டிருந்தது. மேலேயிருந்த கம்பி வலை புழுதியும் ஆயிலும் சேர்ந்து அடைபட்டிருந்தது. ஆயில் அதிகமானால் நல்லது என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள்! குறிக்கு மேல் ஊற்றிய ஆயில் காற்றின் வழியை அடைக்கும். புழுதியில் உழைக்கும் வண்டிக்கு இக்கிண்ணத்தை நாள்தோறும் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, டீசல் ஃபில்டர். அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு, காலம் கடந்த ஃபில்டரை மாற்றினோம். மாற்றிய பின் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் நெம்புகோலைக் கையால் அடியுங்கள். குமிழி இல்லாமல் டீசல் வரும்போது திருகை முடுக்குங்கள்.

நான்காவது, தெர்மோஸ்டாட். தண்ணீர் உரிய சூட்டை, ஏறத்தாழ 80 டிகிரியை, எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. நம் நாடு வெப்ப நாடு, இது எதற்கு என்று பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இந்த வண்டியிலும் அது இல்லை. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் டீசலை முழுதும் எரிக்காது. விரைவில் தேயவும் செய்யும்.

மிஸ் அடிப்பது எந்தச் சிலிண்டர்?

இவ்வளவும் செய்தபின் புகை குறைந்தது, நடுக்கம் நிற்கவில்லை. ஆகவே ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. பழைய வகைப் பம்ப் உள்ள எஞ்சினில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, தொழில் தெரிந்தவர் ஒரு நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை, தடித்த துணியால் மூடிச் சிறிது தளர்த்துவார். எஞ்சினின் ஓசை மாறி வேகம் விழுந்தால், அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாற்றமும் இல்லையென்றால், சோம்பேறி அதுவே. எங்கள் சோதனையில் இரண்டாவது சிலிண்டர் அகப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழுத்தத்துடன் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகக்கூடியது. வெளியே சிறு புள்ளிபோலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கையால் தடவிப் பார்க்கவே கூடாது. மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அவற்றில் ஓடும் எஞ்சினின் குழாயை ஒருபோதும் தளர்த்தலாகாது.

குற்றம் நாசிலிலா, சிலிண்டரிலா என்று பிரித்தறிய, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாவது நாசிலையும் மூன்றாவது நாசிலையும் இடம் மாற்றிப் பொருத்தினோம். மிஸ் அடிப்பதும் மூன்றாவது சிலிண்டருக்கு மாறியது. நாசிலோடு நோயும் போயிற்று. ஆகவே நோய் நாசிலில்தான். நோய் இடம் மாறாதிருந்தால் டாப்பெட் இடைவெளியையும் அழுத்தத்தையும் பார்த்திருப்போம். அந்நாசிலைச் சோதனைக் கருவியில் வைத்தபோது, பனிபோலத் தெளிக்காமல் சொட்டுச் சொட்டாய் வடித்தது. புதிய நாசிலும் செம்பு வாஷரும் போட்டோம்.

மீண்டும் வாய்வரை நிரப்பி, அதே வேலையை அதே 6 மணி நேரம் செய்து அளந்தோம். 28 லிட்டர் எடுத்த வண்டி 20 லிட்டர் எடுத்தது. மணிக்கு 3.3 லிட்டர், 40 லிட்டர் மறுபடியும் மூன்று நாட்களுக்கு வந்தது. செலவோ, போர் செய்யக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஃப்யூயல் பம்பைத் தொட வேண்டிய அவசியமே நேரவில்லை. அதைத் திறக்க நேர்ந்தாலும் சோதனை மேடை உள்ள பட்டறையில்தான் திறக்க வேண்டும், மரத்தடியில் அல்ல.

எஞ்சினுக்கு வெளியேயும் பாருங்கள்

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதும், கிளட்ச் வழுக்குவதும், தார்ச்சாலையில் காற்றுக் குறைந்த டயருடன் தொட்டி இழுப்பதும் டீசலைத் தின்னும். தண்ணீர் பிடிக்கும் நேரம் முழுவதும் எஞ்சினை ஓட விடுவதும் அப்படியே. சும்மா நிற்கும் டிராக்டரும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். மாறாக, இவையெல்லாம் சரியாயிருந்தும் நீலப் புகை வந்து, ஆயில் ஊற்றும் வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வெளிவந்தால், அப்போது எஞ்சினைத் திறப்பதே முறை. பெருஞ்செலவு எப்போதுமே வீண் என்று நாம் சொல்லவில்லை. அது கடைசியில் வர வேண்டும் என்றே சொல்கிறோம்.

அன்பர்களே, அந்த ஓட்டுநரை நேரில் அழைத்து, எங்கள் குறிப்பாணை தவறானது என்று எழுத்து மூலம் தெரிவித்து, மீண்டும் பணியில் அமர்த்தினோம். ஆனால் வேலையின்றி இருந்த இரண்டு மாதமும், அவர் பிள்ளைகள் தெருவில் கேட்ட பேச்சும் எந்தக் கோப்பினாலும் திரும்பி வருவதில்லை. பத்து வரி எழுதக்கூடிய ஒரு நோட்டு அந்த வண்டியில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊராட்சி வண்டியாயினும் சொந்த டிராக்டராயினும், மணி மீட்டரைப் பழுது பாருங்கள். ஊற்றிய டீசல், ஓடிய மணி, மாற்றிய ஆயில், ஓட்டுநர் சொல்லும் குறை ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை ஊராட்சிக் கூட்டத்தில் அந்த நோட்டைப் படியுங்கள். டீசல் கூடுதலாகச் செலவானால், ஆளைச் சந்தேகிக்கும் முன்னர் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள்.