மூன்று சென்டுக்கு மட்டும் சட்டமா?



நம் வீட்டு அடுப்பு எரிகிற இடத்துக்கு அரசாங்கத்தின் நில ஆவணமான அ-பதிவேட்டில் என்ன பெயர் தெரியுமா? மேய்க்கால் புறம்போக்கு! மாடு மேய ஒதுக்கிய இடமாம். அங்கே எந்த மாடு மேய்கிறது? அதே மேய்க்காலில் அங்கன்வாடி கட்டியது யார்? தண்ணீர்த் தொட்டி எழுப்பியது யார்? கம்பம் நட்டுக் கரண்டு பில் வசூலிப்பது யார்? கதவு எண் போட்டு வீட்டு வரி ரசீது கொடுத்தவர்களே, பட்டா என்று வாயெடுத்தால் நம்மை ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள். 1905-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைக் காட்டி பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸை நீட்டுகிறார்கள். அபராதம் கட்டிய ரசீதை நம் பாட்டிகள் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே பத்திரம் அதுதான்!

பட்டா இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போச்சு என்கிறார் ஒரு கனவான். பேங்கில் வீட்டுக் கடன் கிடையாது. மூன்றரை லட்சம் கொடுக்கிற கலைஞர் கனவு இல்லம் கிடையாது. போதுமா ஐயா?

கேட்டால் உச்ச நீதிமன்றத்தைக் கைகாட்டுகிறார்கள். 2011 ஜனவரி 28, ஜக்பால் சிங் வழக்கு. கிராமப் பொதுநிலத்தை வளைத்தவர்களை அகற்றச் சொன்ன தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் அரசு அறிவிப்பின் கீழ் நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் குத்தகைக்குக் கொடுத்த நிலத்துக்கு அதே தீர்ப்பு விதிவிலக்கு சொல்கிறதே, அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்ட மறுக்கிறீர்கள்? ஏழையின் பெயரில் ஒரு அறிவிப்புப் போடக் கோட்டையில் பேனா இல்லையா?

2023-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு மட்டும் பேனா கிடைத்தது! 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ கிடந்தாலும் சேர்த்துக் கொடுக்க அதில் வழி உண்டு. நிபந்தனைகள் இருக்கின்றன என்பார்கள். சரி, அதே நிபந்தனைகளை எங்களுக்கும் போடுங்களேன்! 100 ஹெக்டேர் கேட்பவனுக்கு ஓடையே நகர்கிறது. மூன்று சென்ட் கேட்பவனுக்கு அ-பதிவேட்டில் ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது.

மனசு வைத்தால் நடக்கும். சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்கு 1962 முதல் கிடந்த பட்டாத் தடையை 2025 பிப்ரவரியில் அமைச்சரவை தளர்த்தியதா இல்லையா? மற்ற நகரங்களையும் சேர்த்து 86,000 பேருக்கு மேல் பட்டா என்றார்கள். கைதட்டி வரவேற்றோம். ஆனால் அது ஆட்சேபணையற்ற புறம்போக்குக்கு. மேய்க்கால் என்றால் மட்டும் ஆட்சேபணையாம். யாருக்கு ஆட்சேபணை? இல்லாத மாட்டுக்கா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரி உள்வாயை நாம் கேட்கவில்லை. இன்றும் ஆடு மாடு மேய்கிற நிலத்தில் எவன் கை வைத்தாலும், நம் ஆளாகவே இருந்தாலும், முதலில் நான் எதிர்த்து நிற்பேன். வீடாகிப் போன மேய்க்காலைக் குடியிருப்பு நிலமான நத்தமாக வகை மாற்று; குடியிருப்பவருக்கே பட்டா கொடு. இவ்வளவுதான் கோரிக்கை.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். வரி ரசீது, கரண்டு பில், பி-மெமோ எல்லாம் நகல் எடுத்து வாருங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஒருவரும் வீடு திரும்பக் கூடாது!