அடைக்கலத்துக்குப் போகும் வழி



வேதத்தில் சொல்லப்பட்ட ஆறு அடைக்கலப் பட்டணங்கள் வெறும் பெயர்களல்ல. அவற்றுக்குப் போய்ச்சேர வழியை ஆயத்தப்படுத்தும்படி கட்டளை இருந்தது. அங்கே குடியிருக்க லேவியரும் இருந்தார்கள்.

இலங்கையின் வன்னியில் 2009 ஜனவரி 21-ல் அரசாங்கம் ஒரு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. புலிகளோடு உடன்பாடு ஏதுமில்லை. ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டு ஊழியர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியை விட்டுப் போயிருந்தார்கள். வலயத்துக்குள் ஷெல்கள் விழுந்தன. தப்பி வெளியேற முயன்ற ஜனங்களைப் புலிகள் சுட்டார்கள். (ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நகருவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.)

ஆஸ்பத்திரி ஊழியத்திலிருக்கும் நம்மை அதிகமாய் உலுக்குவது புதுக்குடியிருப்பு. பிப்ரவரி தொடக்கத்தில் அந்த மருத்துவமனை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. நோயாளிகளும் டாக்டர்களும் புதுமாத்தளன் கடற்கரைக்குப் போனார்கள். மருந்து குறைந்தது, காயப்பட்டவர்கள் பெருகினார்கள். டாக்டர்களோ விட்டுப் போகவில்லை.

அப்போது மெய்யாகவே திறந்த வழி கடல்தான். இரு தரப்பிடமும் பேசிப் பேசி, செஞ்சிலுவைச் சங்கம் பிப்ரவரி 10 முதல் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றத் தொடங்கியது. மே 9 வரை, துணைக்கு வந்த உறவினரையும் சேர்த்து, ஏறக்குறைய 14,000 பேர் வெளியே வந்தார்கள். அதற்குப்பின் சண்டை மும்முரமாகி, கப்பல் கரையை நெருங்க முடியவில்லை. கரையில் இன்னும் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள்.