பிரிண்டருக்குப் புரியும் பாஷை
(மாட்டுத்தாவணியில் இ-சேவை மைய இயக்குபவர்களிடையே ஆற்றிய உரை)

வருமானச் சான்றிதழ் எடுக்க வந்தவருக்கு பஸ் கிளம்புற நேரம். நம்ம பிரிண்டரோ பக்கம் பக்கமா புரியாத குறிகளைத் துப்புது. பெரும்பாலும் மெஷின் பழுதில்லைங்க, டிரைவர் அனுப்புற பாஷை அதுக்குப் புரியலை.

எச்.பி. நிறுவனம் கொண்டுவந்த பி.சி.எல். கட்டளைமொழி தெரிந்த பிரிண்டர் என்றால், விண்டோஸோ, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, பொதுவான டிரைவரே அநேகமாகப் போதும். விலை மலிவான சில மாடல்கள் அப்படியில்லை. பக்கத்தை உருவாக்குவதே கணினியில் இருக்கும் டிரைவர்தான். லினக்ஸுக்கு அந்த டிரைவர் கிடைக்காவிட்டால் பிரிண்டர் சும்மாதான் கிடக்கும். கடையில் இதை யாரும் சொல்லமாட்டாங்க. விவரப் பட்டியலில் பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கான்னு நீங்களே பாருங்க.

தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமா வந்தா, அடோபி ரீடரில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்துப் பாருங்க. கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.