உர மூட்டைக்காக வல்லரசுகள் மோதுது, வரிசையில் நிற்பது நாம்!

(உத்திரமேரூர் ஆர்ப்பாட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

நடவு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே!

போன சம்பாவில் அடியுரம் போட டி.ஏ.பி. கேட்டு சொசைட்டிக்குப் போனோம். "லோடு வரல, நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்குப் போனோம், மறுநாளும் போனோம். கடைசியில் தனியார் கடைக்குப் போனால், "மூட்டை வேணும்னா கூடவே இந்த பாட்டிலையும் எடுத்துக்கணும்" என்றார் கடைக்காரர். நமக்குத் தேவையில்லாத பாட்டில். வாங்கினோம், வேற வழி? நாற்று வயசு ஏறிக்கிட்டே போகுதே.

ஏன் லோடு வரவில்லை? கடைக்காரரைத் திட்டினால் மட்டும் பதில் கிடைக்காது. கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கு.

டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து பாறையிலிருந்து வருது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் கொஞ்சம் பாறை இருக்கு, நாட்டுக்குப் போதாது. உலகத்தில் இருக்கிற பாஸ்பேட் பாறையில் சுமார் 70 சதவீதம் ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், மொராக்கோவிடம் இருக்கு. அதில் ஒரு பங்கு மேற்கு சஹாரா மண்ணில் தோண்டுவது. அந்த மண் யாருடையது என்பதே வழக்கு! 1975-ல் ஸ்பெயின் கிளம்பத் தயாரானதும் மொராக்கோ உள்ளே வந்தது. மண்ணின் மக்கள் ஆயிரக்கணக்கில் அல்ஜீரியா பாலைவனத்தில் அகதி முகாமில் இன்னமும் கிடக்கிறார்கள். அவர்கள் காலடியில் இருந்த பாறை மட்டும் நூறு கிலோமீட்டர் நீளப் பட்டையில் ஓடி, கடற்கரையில் கப்பல் ஏறுது.

நம்ம டெல்லி என்ன செய்தது? அந்த மக்களின் அரசை 1985-ல் அங்கீகரித்தது. 2000-ல் அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2002-ல் ஒடிசாவின் பாரதீப் உர ஆலை தனியாருக்குப் போனபோது, அதில் மொராக்கோவின் அரசு பாஸ்பேட் கம்பெனியும் பங்குதாரர் ஆனது. உரம் வேணும்னா அவனைப் பகைக்க முடியாது. 2020 டிசம்பரில் அமெரிக்கா, மொராக்கோ இஸ்ரேலோடு உறவு வைத்துக்கொள்வதற்குக் கைமாறாக, அந்த மண் மொராக்கோவுக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்தது. மண்ணுக்காரனை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது சீனா. நமக்கு டி.ஏ.பி. அனுப்பிய பெரிய நாடு. 2021 அக்டோபரில், எங்க ஊருக்கே பத்தலைன்னு ஏற்றுமதியை இறுக்கியது. மறு வருஷம் பிப்ரவரியில் உக்ரைன் போர். பொட்டாஷுக்கு நம் நாட்டில் சுரங்கமே கிடையாது. ரஷ்யா, பெலாரஸ், கனடா என்று கையேந்தணும். பெலாரஸ் மேல் மேற்கு நாடுகள் தடை போட, அது கப்பல் ஏற்றிய துறைமுகத்துக்குப் போகும் ரயிலை லிதுவேனியா நிறுத்தியது. எங்கேயோ ரயில் நின்றது, இங்கே பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் ஆனது!

பக்கத்து இலங்கையைப் பாருங்க. 2021-ல் ரசாயன உரம் வேண்டாம்னு ஒரே ராத்திரியில் தடை போட்டார்கள். சீனாவிலிருந்து இயற்கை உரக் கப்பல் வந்தது. கெட்ட கிருமி இருக்குன்னு இறக்க மறுத்தார்கள். சீனா அந்நாட்டு வங்கியைக் கருப்புப் பட்டியலில் வைத்தது. இறக்காத சரக்குக்கு 67 லட்சம் டாலர் கட்டினார்கள். 2022 ஜூலையில் நம் நாடு 44,000 டன் யூரியா கடனாக அனுப்பியது. அங்கே விளைச்சல் விழுந்து, ஜனம் தெருவுக்கு வந்து, ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓடினார்.

குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஏரித் தண்ணீரை நாமே பங்கு வைத்தோம். இன்று அந்தத் தண்ணீரில் விளையும் நெல்லுக்குப் போடும் உரத்தை நாலு தலைநகரங்கள் பங்கு வைக்கின்றன.

எல்லாம் வெளிநாட்டுக்காரன் தலையில் போட்டுவிடவும் முடியாது. 2010 ஏப்ரலில் யூரியா தவிர மற்ற உரங்களின் விலையைக் கம்பெனிகள் கையில் விட்டது மத்திய அரசு. அதுவரை டி.ஏ.பி. 467 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் 223 ரூபாய்கூட இல்லை. 2021 ஏப்ரலில் 1,200 ரூபாய் டி.ஏ.பி.யை 1,900 என்று அறிவித்தார்கள். நாடு முழுக்க விவசாயி கொதித்தான். மே மாதமே மூட்டைக்கு 500 ஆக இருந்த மானியம் 1,200 ஆனது, விலையும் பழையபடி இறங்கியது. கத்தினால் இறங்குது, பார்த்தீர்களா!

2025-ல் சவுதியோடு வருஷத்துக்கு 31 லட்சம் டன் டி.ஏ.பி.க்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் துறைமுகத்தில் இறங்குவது ஐப்பசியில் நம் சொசைட்டிக்கு வரணுமே? பருவத்துக்கு முன்பே ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பு வைக்கணும், இருப்பைப் பலகையில் எழுதணும், பாட்டிலைத் திணிக்கும் கடையின் உரிமத்தை ரத்து செய்யணும், தக்கைப்பூண்டு விதையை ஏரி திறப்பதற்கு முன்பே மானியத்தில் கொடுக்கணும் என்று மனு எழுதியிருக்கிறோம்.

இப்போ எல்லோரும் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறோம். கூடுதல் விலைக்கு வாங்கிய ரசீது கையில் இருப்பவர்கள் முன்வரிசைக்கு வாங்க, அதை மனுவோடு சேர்த்துக் கொடுக்கணும். ரசீதே தராத கடையில் வாங்கியவர்கள், தேதியும் கொடுத்த பணமும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.